ஒரு ஆயா அதிகம்

வராந்தாவில் இரண்டு பெண்கள் ஒரு பெட்பேனை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருத்தி பாப்பாத்தி, எங்கள் இல்லத்து ஆயா. இன்னொருவர் அன்று காலைதான் பொறுப்பேற்றிருந்த இன்சார்ஜ் சுசீலா அம்மா. பாத்திரம் காலியாக இல்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். மருந்து அறை வாசலில் நின்றிருந்த நான் முன்னெச்சரிக்கையாக உள்ளே நகர்ந்துகொண்டேன்.

“குடுங்க பாப்பாத்தியம்மா, நான் கொண்டு போய்க் கொட்டுறேன். நீங்க அந்தக் கட்டில்ல துணிய மாத்துங்க.”

“வேணாங்கம்மா, விடுங்க. நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?”

“தப்புன்னு யாரு சொன்னா? குடுங்கன்னா.”

கடைசியில் பாப்பாத்தி விட்டுவிட்டாள். சுசீலா அம்மா அதைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் போனார். பாப்பாத்தி வெறுங்கையை முந்தானையில் துடைத்தபடி அதே இடத்தில் நின்றாள். பெரியவர்கள் முன்னால் சின்ன வேலை செய்தவளின் வெட்கம் என்று நான் நினைத்தேன். அது பயம் என்று பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை.

திங்களும் வெள்ளியும்

நான் கம்பவுண்டராகக் குப்பை கொட்டிய இடங்களைப் பற்றித்தான் இந்தத் தொடரில் எழுதிக்கொண்டு வருகிறேன். அரியலூர் டாக்டர் ஒருவரிடம் சீசா கழுவிய கதையைப் போன வாரம் படித்திருப்பீர்கள். கோபம் வந்தால் அவர் சீசாவை வீசுவார், நான் குனிவேன். ஒரு நாள் குனிய மறந்துவிட்டேன். நெற்றியில் தையலோடு அரியலூரில் பஸ் ஏறி, பெரம்பலூரில் இறங்கி, விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்த இடம்தான் இந்த இல்லம்.

எழுபதுகளின் கடைசி அது. எல்லாமே அப்போது திருச்சி ஜில்லா. பெரம்பலூரிலிருந்து சிறுவாச்சூர் போகிற வழியில், நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஓட்டுக் கூரை போட்ட நீளமான கட்டடம். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு உடைந்தவர்கள், ஆஸ்பத்திரியில் ‘இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி அனுப்பப்பட்டு, பார்த்துக்கொள்ள வீடு இல்லாதவர்கள் எல்லாம் அங்கே படுத்திருந்தார்கள்.

சிறுவாச்சூர் கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அதனால் எங்களுக்கும் அதுதான் விசேஷ நாள். காளியைக் கும்பிட வருகிறவர்கள், வந்ததுதான் வந்தோம் என்று எங்கள் இல்லத்தில் கிடக்கும் அத்தையையோ பெரியப்பாவையோ எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த இரண்டு நாளும் ஆயாக்கள் எல்லோருக்கும் தலைவாரிப் பவுடர் போட்டு உட்கார வைப்பார்கள். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த ரஹமத் பீவி என்ற ஆயாவின் தம்பி துபாயில் இருந்தான். அவன் அனுப்பிய அத்தரில் ஒரு துளியைத் தண்ணீரில் கலந்து வெள்ளிக்கிழமைகளில் வார்டு முழுக்கத் தெளிப்பாள். அத்தரும் டெட்டாலும் குங்குமமும் கலந்த அந்த வாசனை இப்போதும் எங்காவது வந்தால் நான் நின்றுவிடுகிறேன்.

மற்ற ஐந்து நாளும் அங்கே யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பழைய இன்சார்ஜ் ஒரு மணி வைத்திருந்தார். மணி அடித்தால் எல்லோரும் வந்து அவர் மேஜை முன்னால் நிற்க வேண்டும். நின்றால் திட்டுவார். திட்டி முடித்ததும் போகலாம். நிர்வாகம் என்றால் அவ்வளவுதான் என்று நானும் நம்பியிருந்தேன்.

கையில் இருந்ததை வாங்கினால்

பாப்பாத்தி வராததால் சுசீலா அம்மா என்னை அவள் ஊரான குரும்பலூருக்கு அனுப்பினார். உடம்புக்கு ஏதாவது இருக்கும் என்று மாத்திரையும் எடுத்துக்கொண்டு போனேன். அவள் வீட்டில் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு வெங்காயக் காட்டில் வரிசையில் உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பாப்பாத்தி, அங்க வராம இங்க வந்து உக்காந்திருக்க?”

“அதான் அந்தம்மா போகச் சொல்லிட்டாங்களே.”

“எப்ப சொன்னாங்க?”

அவள் கையில் இருந்த களைக்கொட்டைத் தூக்கிக் காட்டினாள். “களை வெட்டிக்கிட்டிருக்கப்ப காட்டுக்காரரு வந்து இத நம்ம கையிலேருந்து வாங்கிட்டாருன்னா, நாளைலேருந்து வராதன்னு அர்த்தம். வாயால சொல்ல மாட்டாங்க. எங்கம்மா கையிலேருந்து அப்படித்தான் வாங்குனாங்க. நாங்க மறுபேச்சு பேசாம ஏறி வந்துரணும்.”

அப்படி ஒரு வழக்கம் இருப்பது எனக்குத் தெரியாது. அரியலூர்க் கடைத்தெருவில் வளர்ந்தவன் நான். அந்த அம்மா உதவி செய்யத்தான் வாங்கினார்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவில்லை. எந்த முதலாளி அப்படி உதவி செய்வான் என்று கேட்டாள். அரியலூர் டாக்டரை நினைத்துக்கொண்டேன். 

திரும்பி வந்து சொன்னதும் சுசீலா அம்மாவின் முகம் செத்துவிட்டது. அன்று மத்தியான பஸ்ஸிலேயே என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வெங்காயக் காட்டுக்குப் போய், வெள்ளைச் சேலையோடு பாப்பாத்தி பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தார். காட்டுக்காரர் நாற்காலி கொண்டு வரச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டார். உங்களைப் போகச் சொல்லி நான் அதை வாங்கவில்லை என்றார் பாப்பாத்தியிடம்.

“அப்ப எதுக்குங்க வாங்குனீங்க?” என்றாள் பாப்பாத்தி, தலை நிமிராமல்.

“நான் திருச்சியில நர்ஸா இருந்தப்ப கால் ஒடிஞ்சு மாசக்கணக்குல நான் வேலை பாத்த வார்டுலயே படுத்துக் கெடந்தேங்க. பெட்பேன் வேணும்னு கூப்புட்டுட்டு, யாராச்சும் வருவாங்களான்னு வாசலப் பாத்துக்கிட்டே கெடப்பேன். நேத்து நீங்க அத கையில வச்சிருந்தப்ப இன்னொரு கட்டில்ல ஒரு அம்மா உங்களக் கூப்புட்டுக்கிட்டிருந்துச்சு. அதான் வாங்கினேன். வேற ஒண்ணுமில்ல.”

பாப்பாத்தி களைக்கொட்டை மண்ணில் குத்தி வைத்தாள்.

“வாங்குறதுன்னா ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்குங்க.”

“சரிங்க.”

அதன்பிறகு தினமும் காலையில் சுசீலா அம்மா ஆயாக்கள் டீ குடிக்கும் இடத்துக்குப் போய், “இன்னிக்கு நான் எத எடுத்துக்கட்டும்?” என்று கேட்பது வழக்கமாயிற்று. முதலில் யாரும் எதையும் கொடுக்கவில்லை. ரஹமத் பீவி தரையைப் பார்த்தாள். பிறகு ஒரு நாள், நீங்க வேணா கொசுவலைய மடிச்சு வைங்கம்மா என்றாள். இன்னொரு நாள் படுக்கைத் துணி அலசுவதைக் கொடுத்தார்கள். பெட்பேன் அவர் கைக்குப் போய்ச்சேர ஏறக்குறைய ஒரு மழைக்காலம் ஆயிற்று.

என்னையும் யாராவது வேலைக்குக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று அந்தக் காலை நேரத்தில் நான் மருந்து அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். கம்பவுண்டருக்கு என்று ஒரு கௌரவம் இருக்கிறதல்லவா?

என் டானிக்கின் மகிமை

ஏழாம் கட்டிலில் தைலம்மை என்று ஒரு கிழவி. ஜெயங்கொண்டம் பக்கம். பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போய்விட்டன. வரும்போது வெறும் எலும்புதான். கிழவி இந்த வருஷத்தைத் தாண்டாது என்று வாரம் ஒருமுறை வந்துபோன டாக்டர் சொல்லியிருந்தார்.

நான் ஒரு டானிக் கலந்து கொடுத்து வந்தேன். பருத்தி வெடிக்கிற காலத்தில் பார்த்தால் கிழவி கன்னத்தில் சதை வைத்திருந்தது. கூப்பிட்டால் திரும்பிச் சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரிடமே போய், “நம்ம மிக்ஸ்சர் வேலை செய்யுதுங்க சார்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவரும் இன்னும் இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தலைவர் வந்த அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்.

தலைவர் கண்ட காட்சி

தலைவர் என்றால் இல்லத்தின் கமிட்டித் தலைவர். அரியலூரில் கடலை மில் வைத்திருந்தவர். கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனசு வராது. அவருடைய தாயார் படுக்கையில் கிடந்து கஷ்டப்பட்டுப் போனதால்தான் இந்த இல்லத்துக்கு நிலம் கொடுத்தார். ஆனால் எல்லாம் தன் நிலம், தன் கட்டடம், தன் ஆட்கள் என்று நினைத்துக்கொள்வதை அவரால் விடவும் முடியவில்லை.

கோயிலுக்குப் போய்விட்டு நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தார். முன்வாசல் வழியாக வராமல், காரைப் பின்னால் விடச் சொல்லி கொல்லைப்பக்கமாக நுழைந்தார். கிணற்றடியில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண் பெட்பேன் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்ததும் பார்த்தால் இன்சார்ஜ்.

தலைவர் நேரே வார்டுக்குள் போனார். அங்கே பாப்பாத்தி தைலம்மையின் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்பது மட்டும்தான் அவர் கண்ணில் பட்டது.

ஆபீஸ் அறைக்கு வந்தவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “கழுவுறது இன்சார்ஜ். உக்காந்திருக்கிறது ஆயா. நல்லா இருக்குய்யா உங்க நிர்வாகம்.”

சுசீலா அம்மா ஈரக் கையோடு வந்து நின்றார்.

“ஏம்மா, உங்கள எதுக்கு வச்சிருக்கோம்? அதிகாரம் பண்ணத் தெரியலைன்னா சொல்லுங்க. நீங்களே செய்ய முடியுற வேலைதான்னா எனக்கு இங்க ஒரு ஆயா அதிகம். அடுத்த வெள்ளிக்கிழமை வரேன். அந்தப் பாப்பாத்திய நிறுத்திடலாம்.”

சுசீலா அம்மா பதில் சொல்வதற்குள் கார் கிளம்பிவிட்டது.

கதவுக்குப் பின்னால் நின்று பாப்பாத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. “நான் அன்னிக்கே சொன்னேன்ல கம்பவுண்டரய்யா” என்றாள். வெங்காயக் காட்டில் அவள் சொன்னதுதான் கடைசியில் நடந்தது. உதவி என்று வாங்கினாலும் அவள் வேலைக்குத்தான் உலை வைத்தது.

அந்த ஒரு வாரம்

 பாப்பாத்தியின் முழங்கால் வீங்கியிருந்தது. நான்தான் மருந்து தடவச் சொல்லிக் கொடுத்து வந்தேன். இந்த வேலை போனால், நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து களை எடுக்க இனி அவளால் ஆகாது. அது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கத்தை அவளே ஒரு நாள் சொன்னாள். “எங்க ஊருல காட்டுக்காரங்க வூட்டு வாசலத் தாண்டி நான் போனதில்லீங்க. தண்ணி கேட்டா தூக்கித்தான் ஊத்துவாங்க. இங்க பெரிய பெரிய வூட்டு அம்மாங்க தலையத் தாங்கிப் புடிச்சு நான் தண்ணி குடுக்குறேன். அவங்க வாங்கிக் குடிக்கிறாங்க. இத விட்டுட்டு நான் எப்புடிங்க அங்க போயி நிப்பேன்?”

நான் இரண்டு பேருக்கும் யோசனை சொன்னேன். யோசனை சொல்வதில் நான் கெட்டிக்காரன். சுசீலா அம்மாவிடம், தலைவர் வருகிற நாளில் நாற்காலியில் உட்கார்ந்து நாலு பேரை அதட்டுங்கள் என்றேன்.

“வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வேற ஆளா இருக்கச் சொல்றீங்களா கம்பவுண்டர்? அதுக்கு அடுத்த நாள்?”

பாப்பாத்தியிடம், “அம்மா தினமும் செய்யுறதில்ல, அன்னிக்கு ஒரு நாள்தான் செஞ்சாங்கன்னு சொல்லிடு” என்றேன். அவள் சரி என்பதுபோலத் தலையாட்டினாள்.

வராந்தாவில் நின்றோம்

தலைவர் சொன்னபடி வந்தார். அன்றைக்குப் பார்த்து மத்தியானச் சோறு வைக்கிற நேரம். எல்லோரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். ஆயாக்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், சுசீலா அம்மா நடுவில்.

“என்ன முடிவு பண்ணீங்க?” என்றார்.

சுசீலா அம்மா ஓரடி முன்னால் வந்தார்.  “ஒரு ஆள் அதிகம்னா என்னை அனுப்பிடுங்க ஐயா. அவங்க வேலைய எடுத்துச் செஞ்சது நான். அவங்க ஒண்ணும் என்னைச் செய்யச் சொல்லல. தண்டனை அவங்களுக்குப் போகக் கூடாது.”

“பேச நல்லாத்தான் இருக்கு. நீங்க போயிட்டா நாளைக்கு நர்ஸுக்கு நான் எங்க போவேன்?” தலைவர் பாப்பாத்தி பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. உன் வேலைய இந்தம்மா செஞ்சாங்களா, இல்லையா?”

நான் தலைவருக்குத் தெரியாமல் பாப்பாத்தியைப் பார்த்து ‘இல்லை, இல்லை’ என்று தலையாட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவைப் பார்த்தாள்.

“செஞ்சாங்கய்யா. தெனமும் செஞ்சாங்க.”

போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“அப்ப அந்த நேரத்துல நீ என்ன செஞ்ச? ஸ்டூல் போட்டு உக்காந்திருந்த. நானே பாத்தேன்.”

“ஆமாங்கய்யா, உக்காந்துதான் இருந்தேன். நின்னுக்கிட்டுச் சோறு ஊட்டுனா அந்தக் கெழவிக்குப் பொர ஏறிடும். உக்காந்து ஒவ்வொரு வாயா குடுக்கணும். முன்னல்லாம் தட்ட வச்சுட்டுப் போயிருவோம். பீத்துணி கெடக்கும், அத அலசிட்டு வர்றதுக்குள்ள சோறு வெறைச்சுப் போயிரும், ஈ மொச்சுரும். அது கைய தூக்க முடியாது, வாயத் தொறந்து கேக்கவும் முடியாது. பாதி நாளு தட்ட அப்படியேதான் எடுத்துக் கொட்டுவோம். இந்தம்மா அதக் கழுவ எடுத்துக்கிட்ட பொறவுதாங்க எனக்கு அது பக்கத்துல உக்கார நேரம் கெடச்சுது.”

என் டானிக் என்னவாயிற்று என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தத் தரைக்குள் இறங்கியிருப்பேன்.

தலைவர் வார்டுக்குள் போனார். ஏழாம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் தட்டு இருந்தது. சோறும் குழம்பும் அப்படியே. தைலம்மை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளைக் கண்டதும் ஊட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. வாயைத் திறந்தாள்.

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. அந்தப் பெரிய மனிதர் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்துக் கொஞ்சம் கோபமாகவே கேட்டார்.

“இன்னிக்கு ஏன் யாரும் இதுக்கு ஊட்டல?”

“நாங்கள்லாம் வராந்தாவுல நிக்கிறோமேங்கய்யா” என்றாள் பாப்பாத்தி.

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். தலைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். குங்குமம் துண்டில் இழுவிவிட்டது. தன் தாயாரை நினைத்தாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. செருப்பை மாட்டிக்கொண்டே, “யாரையும் நிறுத்த வேணாம். போய் வேலையப் பாருங்க” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். சுசீலா அம்மாவிடம் அன்றைக்கும் அதற்குப் பிறகும் அவர் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

கார் சாலையில் ஏறியதும் சுசீலா அம்மா வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ரஹமத் பீவி தண்ணீர் எடுக்க ஓடினாள். 

பாப்பாத்தி மட்டும் நின்று பார்த்தாள். அந்த வராந்தாவில் மணி அடித்தும், அதட்டியும், கெஞ்சியும் ஆயாக்களுக்கு வேலை சொன்னவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு ஆயா இன்சார்ஜுக்கு வேலை சொல்லி அன்றுதான் கேட்டேன்.

“அம்மா, அப்பறமா அழுவலாம், எந்திரிங்க. நீங்க போயி அதுக்கு ஊட்டுங்க. சோறு ஆறியிருந்தா வெந்நி ஊத்திப் பெசஞ்சு குடுங்க. நான் துணிங்கள அலசிட்டு வந்துடுறேன்.”

“சரிங்க” என்று சுசீலா அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

பாப்பாத்தி கிணற்றடிக்குப் போகத் திரும்பியவள், மருந்து அறைப் பக்கம் நழுவிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டாள்.

“கம்பவுண்டரய்யா, நீங்க எங்க போறீங்க? ஒன்பதாம் கட்டிலு அப்பவே புடிச்சுக் கூப்புடுது பாருங்க.”

போனேன்.